ஸ்கிராட்ச் 3.0: இன்னும் எவ்வளவு காலம் பிள்ளைகளைக் காக்க வைப்பது?

கல்லடிக்காரன் (நவம்பர் 2018)

கல்லடியில் சனி, ஞாயிறு பின்னேரங்களில் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஸ்கிராட்ச் சொல்லிக் கொடுக்கிறேன், பிளொக்குகளை (கட்டளைத் துண்டுகளை) இழுத்துக் கோர்த்து விளையாட்டும் அசைபடமும் செய்கிற நிரலாக்க மென்பொருள் அது. தையில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்கு இப்போதுள்ள 2.0 பதிப்பைச் சொல்லிக் கொடுப்பதா, 3.0 வரும்வரைக்கும் வகுப்பைத் தள்ளிப் போடுவதா என்று முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2.0 வந்தது 2013 மே மாதம். ஐந்தரை வருசம் போய்விட்டது. ஆகஸ்ட்டில் 3.0 க்கு பீட்டா (சோதனைப் பதிப்பு) விட்டார்கள், முழுசாக வருவது ஜனவரியில் என்கிறார்கள். இதற்கிடையில் 2.0 நிற்பது ஃப்ளாஷில், பிரவுசருக்குள் படமும் அசைவும் ஓட்டுகிற அடோபியின் மென்பொருளில். ஃப்ளாஷை 2020 முடிவோடு நிறுத்துகிறோம் என்று அடோபி போன வருசம் ஜூலையிலேயே சொல்லிவிட்டது. இப்போது குரோம் 69 வந்த பிறகு பிரவுசரை மூடித் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஃப்ளாஷுக்கு அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை பூட்டுப் படத்தை அமத்தி, பட்டியலில் ஃப்ளாஷைத் தேடி, அனுமதி என்று மாற்றி, பக்கத்தைத் திரும்ப ஏற்றி முடிக்கிற நேரத்துக்குள் வகுப்பில் பாதி போய்விடுகிறது. ரெப்லெட் வைத்திருக்கிற பிள்ளைகள் அதுவும் இல்லாமல் சும்மா இருந்து பார்க்கிறார்கள்.

ஐபேடில் ஃப்ளாஷ் ஒரு நாளும் ஓடியதில்லை. ஆண்ட்ராய்டுக்கு ஃப்ளாஷை 2012 இலேயே கைவிட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு, 2013 இல், ஃப்ளாஷில் ஒரு புதுப் பதிப்பைக் கட்டியது சரியான முடிவா? அந்த முடிவுக்கான விலையைத்தான் இப்போது நாங்கள் காத்திருந்து கட்டுகிறோம். இதைச் சொன்னால் உடனே யாராவது வந்து "இலவசமாகத் தருகிறார்கள், பொறுமையாக இருங்கள்" என்பார்கள். பிள்ளைகளின் ஒரு வருசம் இலவசமில்லை.


சம்மாந்துறை_நிரலாளன்

அண்ணன், உங்கள் ஆத்திரம் விளங்குகிறது. ஆனாலும் நீங்கள் பேசுவதைப் பார்த்தால் மென்பொருள் என்றால் பழையதுக்கு மேலே கொஞ்சம் பூசி விடுகிற வேலை என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. அப்படி இல்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி பல்கலைக்கழக மீடியா லேப்பில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு 2007 இல் வெளியிட்ட முதல் ஸ்கிராட்ச், ஸ்குவீக் என்கிற, ஸ்மால்டோக் நிரல்மொழிச் சூழலில் எழுதியது. 1.4 வரைக்கும் அதுதான். கணினியில் இறக்கித்தான் ஓட்டலாம், பிரவுசருக்குள் வைத்து எடிட் செய்ய வழியே இல்லை. பிரவுசருக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2.0 ஐ மறுபடி முதலிலிருந்து எழுதினார்கள். அந்தக் காலத்தில் படமும் சத்தமும் அசைவும் எல்லாப் பிரவுசரிலும் ஒரே மாதிரி ஓட ஃப்ளாஷை விட்டால் நம்பகமான வழி குறைவு. இப்போது 3.0 க்காக மூன்றாம் தடவையாக முதலிலிருந்து, இந்த முறை ஜாவாஸ்கிரிப்டில். பிளொக்குகளைக் கோர்க்கிற பகுதி கூகுளின் பிளொக்லி என்கிற திறந்த நிரலில் இருந்து எடுத்துக் கட்டியது, மேடையை (பிள்ளை செய்தது ஓடிக் காட்டுகிற இடத்தை) வரைவது வெப்ஜிஎல் என்கிற பிரவுசரின் கிராபிக்ஸ் வசதி, நிரலை ஓட்டுகிற பகுதி தனி. வெவ்வேறு துண்டுகள், எல்லாம் சேர்ந்து ஓட வேண்டும்.

இதில் கஷ்டமான வேலை எது தெரியுமா? புது பிளொக் சேர்ப்பது இல்லை. உலகம் முழுக்கப் பிள்ளைகள் கோடிக்கணக்கில் செய்து வைத்திருக்கிற பழைய வேலைகள் 3.0 இலும் முந்தி ஓடின மாதிரியே ஓட வேண்டும். ஒரு பிள்ளை தன் விளையாட்டில் பூனை சுவரில் முட்டுகிற நேரத்தை ஒரு காத்திருப்பு பிளொக்கில் சரிக்கட்டி வைத்திருக்கும். புதுப் பதிப்பில் அந்த நேரம் கொஞ்சம் மாறினாலும் பூனை சுவருக்குள் போய்விடும். பிழை பதிப்பிலா தன்னிலா என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியப் போவதில்லை. தன்னுடைய வேலைதான் உடைந்துவிட்டது என்று நினைக்கும். அதைத் தடுக்கத்தான் இவ்வளவு காலம். மூலநிரல் முழுக்க கிட்ஹப் என்கிற நிரல் பகிரும் தளத்தில் திறந்து கிடக்கிறது, என்ன பிழைகளைத் திருத்துகிறார்கள் என்று நாளாந்தம் பார்க்கலாம். பார்த்துவிட்டு வந்து பேசுவோம்.


மண்டூர்_ரீச்சர்

உங்கள் இரண்டு பேரின் சண்டையையும் வாசித்தேன். கல்லடித் தம்பி சொல்கிற காத்திருப்பு எங்கள் பக்கத்துக் காத்திருப்பு இல்லை. நான் படுவான்கரையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். ஆய்வுகூடத்தில் இருக்கிற கணினிகளில் விண்டோஸ் எக்ஸ்பியும் 7 உம்தான். இணையம் இருக்கிற நாளும் உண்டு, இல்லாத நாள்தான் கூட. மாரி தொடங்கினால் கரண்டுக்கே உத்தரவாதமில்லை. நாங்கள் பாவிப்பது 1.4. 2009 இல் வந்தது. பென்ட்ரைவில் கொண்டுபோய்ப் போட்டால் வேலை செய்யும், அனுமதி கேட்காது, ஃப்ளாஷ் கேட்காது.

போன தவணை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று குருமண்வெளியில் இருந்து மண்டூருக்கு வருகிற பாதையை (ஆட்களையும் மோட்டர் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவைப் படகை) ஸ்கிராட்ச்சில் செய்தது. வாவியைத் தானே வரைந்தது. பாதைக்கு ஒரு ஸ்ப்ரைட் (மேடையில் அசைகிற உருவம்), ஏறுகிற ஆட்களை எண்ண ஒரு மாறி (எண்ணை வைத்திருக்கிற பெட்டி). இருபதுக்கு மேலே போனால் பாதை அசையாது என்று "என்றால், இல்லாவிட்டால்" போட்டது. அப்புறம் தானாகவே வந்து கேட்டது, "ரீச்சர், மோட்டர் சைக்கிள் ஏறினால் ஒரு ஆளாகவா எண்ணுவது?" நான் விடை சொல்லவில்லை. அடுத்த பாடத்துக்கு வரும்போது மோட்டர் சைக்கிளை அமத்தினால் மாறியில் மூன்று கூடுகிற மாதிரிச் செய்து வைத்திருந்தது. அந்தப் பிள்ளை எந்தப் பதிப்புக்கும் காத்திருக்கவில்லை.

தம்பி வகுப்பைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தள்ளிப் போடவே கூடாது. நிபந்தனை, மடக்கு (திரும்பத் திரும்பச் செய்வது), மாறி இந்த மூன்றும் 1.4 இலும் இருக்கிறது, 3.0 இலும் அதேதான் இருக்கப் போகிறது.


களுதாவளைப்_பொடியன்

ரீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், 1.4 போதும் என்பதை நான் ஏற்கமாட்டேன். நான் இப்போது உயர்தரத்தில் ஐ.சி.ரி. (தகவல் தொழினுட்பம்) செய்கிறேன், பைதன் என்கிற நிரல்மொழி படிக்கிறோம். சாதாரண தரத்தில் பஸ்கால் மொழி. அதற்கு முந்தி என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தது ஸ்கிராட்ச்தான்.

1.4 இல் குளோன் இல்லை, ஓடும்போதே ஒரு ஸ்ப்ரைட் தன்னைப் படியெடுக்கிற வசதி அது. சொந்தமாக பிளொக் செய்கிற வசதியும் இல்லை. இரண்டும் 2.0 இல்தான் வந்தன. மழை பெய்கிற மாதிரி ஒன்று செய்யப் பாருங்கள். 1.4 இல் ஒரு துளியைச் செய்துவிட்டு அந்த ஸ்ப்ரைட்டைத் திரும்பத் திரும்பப் படியெடுக்க வேண்டும். வேகத்தை மாற்ற நினைத்தால் ஒவ்வொரு துளிக்குள்ளும் போய் மாற்ற வேண்டும். 2.0 இல் ஒரு துளிக்கு மட்டும் எழுதினால் போதும், மிச்சத்தை அதுவே பெருக்கும், 300 குளோன் வரைக்கும். சொந்த பிளொக்கும் அப்படித்தான். அது விளங்கின பிள்ளைக்குப் பிறகு பஸ்காலில் புரொசீஜர் (பெயர் வைத்துத் திரும்பக் கூப்பிடுகிற கட்டளைத் தொகுப்பு) என்றால் புதுசாகச் சொல்லிக் கொடுக்கவே தேவையில்லை. நான் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன்.

அதனால் பதிப்பு முக்கியமில்லை என்று சொல்லாதீர்கள் ரீச்சர். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைப் பிள்ளைக்கு ஒன்று, படுவான்கரைப் பிள்ளைக்குப் பத்து வருசம் பழையது ஒன்று என்று நாங்களே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கல்லடி அண்ணா, உங்களுக்கும் ஒன்று. பீட்டா ஆகஸ்ட்டில் இருந்து திறந்து கிடக்கிறது. இணையத்தில் சேமிக்க ஏலாது, ஆனால் கணினியில் சேமிக்கலாம். ரெப்லெட்டிலும் திறக்கிறது. அதிலேயே தொடங்குங்கள்.


கல்லடிக்காரன்

பீட்டாவில் தொடங்கு என்பது லேசாகச் சொல்கிற வார்த்தை, தம்பி. பிள்ளை பீட்டாவில் செய்ததை 3.0 இன் எஸ்பி3 கோப்பாகச் சேமிக்கிறது. அதைப் பென்ட்ரைவில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே இருப்பது 2.0. திறக்காது. பழையதைப் புதிதில் திறக்கலாம், புதிதைப் பழையதில் திறக்க முடியாது, ஒருவழிப் பாதை. வகுப்பில் ஒரு பிள்ளை இரவிரவாகச் செய்ததைக் கொண்டுவந்து எல்லோருக்கும் காட்ட நினைத்து, கோப்புத் திறக்காமல் கண் கலங்கி நின்றது. பதிப்பு என்றால் என்ன, ஏன் திறக்கவில்லை என்று அந்த நேரத்தில் விளங்கப்படுத்த முடியுமா?

சம்மாந்துறை நானா சொன்ன விளக்கம் எல்லாம் சரிதான், வேலை கஷ்டம்தான். என் கேள்வி வேறு. ஒரு மென்பொருள் பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டால் அதைச் செய்கிறவர்களுக்கும் பாவிக்கிறவர்களுக்கும் நடுவில் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. நாங்கள் காசு கொடுக்கவில்லை, ஆனால் பிள்ளைகளின் நேரத்தைக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு வேண்டியது முன்கூட்டிய அறிவிப்பு. எது மாறுகிறது, எந்தக் கணினியில் ஓடும், எந்தக் கணினியில் ஓடாது. இதை ஒரு வருசத்துக்கு முன்னமே ஆசிரியர்களுக்கு விளங்குகிற பாசையில் சொல்லியிருந்தால் நான் இப்படிக் குழம்பி நிற்கத் தேவையில்லை.


அக்கரைப்பற்றுத்_தாய்

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். எனக்குக் கணினி அவ்வளவு தெரியாது. மகனுக்கு ஒன்பது வயது, புது ஸ்கிராட்ச் வருகிறதாம், ரெப்லெட் வாங்கித் தாங்க உம்மா என்று கரைச்சல் தருகிறான். வீட்டில் பழைய லப்டொப் ஒன்று இருக்கிறது. ரெப்லெட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?


சம்மாந்துறை_நிரலாளன்

ராத்தா, இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீங்க. லப்டொப்பில் புதிய குரோமோ ஃபயர்பொக்ஸோ ஓடினால் பீட்டாவைத் திறந்து பாருங்க, திறந்தால் அதுவே போதும். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மவுஸ் பிடித்து இழுத்துக் கோர்ப்பது நல்ல பழக்கம். வீட்டில் இன்னும் சின்னது இருந்தால் ஸ்கிராட்ச் ஜூனியர் என்று ஒன்று இருக்கிறது, ஐந்து முதல் ஏழு வயதுக்கு, அது ரெப்லெட்டுக்கென்றே செய்தது.

கல்லடி அண்ணன், அறிவிப்பு வேண்டும் என்று கேட்பது நியாயமான கேள்வி, அதில் உங்களோடு சேர்ந்து நிற்கிறேன். கெதியாக விடு என்று நெருக்குவதைத்தான் எதிர்க்கிறேன். நீங்கள் சொன்ன அந்தப் பிள்ளையின் கோப்பையே எடுங்கள். அரைகுறையாக ஒரு 3.0 போன வருசமே வந்திருந்தால் திறக்காத கோப்புகள் இன்னும் எத்தனை வந்திருக்கும்? வேலைத்தளத்தில் நாங்கள் அவசரப்பட்டு விட்ட பதிப்புகளால் பட்ட பாட்டை நான் அறிவேன், வாடிக்கையாளர் பெரியவர், திட்டிவிட்டுத் திருத்தச் சொல்வார். பிள்ளை திட்டாது. மூடி வைத்துவிட்டு எழும்பிப் போய்விடும், அதற்குப் பிறகு கணினிப் பக்கம் வராது. அதனால் பிள்ளைகளுக்கான மென்பொருளைப் பெரியவர்களுக்கானதை விடப் பிந்தி விடலாம், பிழையோடு விடக் கூடாது. இதில் நான் மாறமாட்டேன்.


மண்டூர்_ரீச்சர்

களுதாவளைத் தம்பிக்கு. படுவான்கரைக்குப் பழையது போதும் என்று நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். எங்களுக்கும் புதுக் கணினி வேண்டும், இணையம் வேண்டும், அதைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். கிடைக்கும்வரை பிள்ளைகள் என்ன செய்வது என்பதுதான் என் கதை. மழைத்துளியைப் படியெடுத்துக் களைத்த பிள்ளைக்குத்தான் குளோன் ஏன் வேண்டும் என்று உண்மையாக விளங்கும். நீங்கள் பஸ்காலில் புரொசீஜரை உடனே பிடித்ததுக்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

இன்னொன்று. 3.0 எந்த விண்டோஸில் ஓடும் என்று யாராவது பார்த்தீர்களா? 2.0 ஐ இணையம் இல்லாமல் போட அடோபி ஏர் என்கிற துணை மென்பொருளை முதலில் போட வேண்டியிருந்தது, அதற்கே எங்கள் கணினிகள் முக்கின. புதியதை எப்போது விடுகிறார்கள் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். யாருடைய கணினிக்கு விடுகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.


கல்லடிக்காரன் (ஜனவரி 2019)

வந்துவிட்டது. 2ஆம் திகதி. முதலாம் தவணை தொடங்குகிற நேரத்துக்கே வந்ததால் நான் வகுப்பைத் தள்ளிப் போடவில்லை, புதுப் பிள்ளைகளை 3.0 இலேயே தொடக்கிவிட்டேன்.

பார்த்தவரைக்கும் சொல்கிறேன். ஃப்ளாஷ் தொல்லை முற்றாகப் போய்விட்டது. ரெப்லெட் வைத்திருந்த பிள்ளைகள் முதல் நாளே பூனையை நடக்க வைத்தார்கள். பிளொக்குகள் பெரிசாக இருப்பதால் விரலால் பிடிக்க லேசு. மேடை இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போய்விட்டது, பழைய பிள்ளைகள் முதலில் தடுமாறினார்கள். பேனா பிளொக்குகளும் இசை பிளொக்குகளும் பட்டியலில் காணவில்லை என்று நானே தேடினேன், கீழே இடது மூலையில் இருக்கிற பொத்தானை அமத்தி நீட்சியாக (கூடுதல் வசதியாக) சேர்க்க வேண்டும். பேனா போட்டு 2.0 இல் செய்த பழைய எஸ்பி2 கோப்பைத் திறந்தால் அந்த நீட்சி தானாகவே வந்து நிற்கிறது. எழுத்தை வாசித்துக் காட்டுகிற நீட்சி ஒன்றும் இருக்கிறது, ஆனால் தமிழ் பேசாது, இணையம் இல்லாவிட்டால் எதுவுமே பேசாது.

இதெல்லாம் நல்லது. அதனாலேயே என் மனக்குறை கூடுகிறது. இவ்வளவு நல்லதாக இருக்கிற ஒன்று மூன்று வருசத்துக்கு முந்தி வந்திருந்தால், அந்த மூன்று வருசமும் ரெப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்து பார்த்த பிள்ளைகள் இப்போது எங்கே நிற்பார்கள்?


சம்மாந்துறை_நிரலாளன்

மூன்று வருசத்துக்கு முந்தி வந்திருந்தால் இவ்வளவு நல்லதாக வந்திருக்காது, அண்ணன். பழைய எஸ்பி2 கோப்பு திறந்து பேனா தானாக வந்து நின்றது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வசனத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய வேலை இருக்கிறது என்று யோசியுங்கள்.


மண்டூர்_ரீச்சர்

எங்கள் பிள்ளைகளுக்கு மேடை வலப்பக்கம் போனது பிரச்சினையே இல்லை. 1.4 இல் அது எப்போதும் வலப்பக்கம்தான்.

நான் கேட்டதுக்கு விடை இப்போதுதான் கிடைத்தது. இணையமில்லாமல் ஓடுகிற ஸ்கிராட்ச் டெஸ்க்டொப்புக்கு விண்டோஸ் 10 வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஆய்வுகூடத்தில் விண்டோஸ் 10 ஒன்றுகூட இல்லை. விண்டோஸ் 7 உள்ள ஒரு கணினியில் இணைய டொங்கிள் குத்திப் பிரவுசரில் திறந்து பார்த்தேன், வெப்ஜிஎல் இல்லை என்று சொல்லி நின்றுவிட்டது. காத்திருந்தவர்களுக்கு வந்து சேர்ந்துவிட்டது, சந்தோசம். எங்களுக்கு இது வந்ததும் வராததும் ஒன்றுதான், இதை நான் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதப் போகிறேன். கணினி கேட்கும்போது வெறுமனே "கணினி தேவை" என்று எழுதாமல், எந்த விண்டோஸ், என்ன கிராபிக்ஸ், எத்தனை பெட்டி என்று இந்தத் தடவை விபரமாக எழுதுவேன்.


களுதாவளைப்_பொடியன்

ரீச்சர், அந்தக் கடிதத்துக்கு வேண்டிய தொழினுட்ப விபரத்தை நான் எழுதித் தருகிறேன். விண்டோஸ் 7 போட்ட பெட்டிகளுக்கு 2.0 ஆவது போடுவோம். அந்தத் தளத்தில் 2.0, 1.4 இரண்டையும் இன்னும் இறக்கலாம், அடோபி ஏரையும் சேர்த்து ஒரு பென்ட்ரைவில் எடுத்து வருகிறேன். அதில் குளோன் இருக்கிறது, சொந்த பிளொக்கும் இருக்கிறது. எக்ஸ்பி பெட்டிகளில் 1.4 அப்படியே இருக்கட்டும், அதில் கை வைக்க வேண்டாம்.


மண்டூர்_ரீச்சர்

வாங்க தம்பி. பொங்கல் விடுமுறை முடிய ஒரு வெள்ளிக்கிழமை, பாடசாலை விட்ட பிறகு. கரண்ட் இருக்கிறதா என்று காலையிலேயே அழைத்துச் சொல்கிறேன், இல்லாவிட்டால் வீணாகப் பாதை ஏறி வர வேண்டாம்.


கல்லடிக்காரன்

ரீச்சர், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3.0 இல் செய்த வேலைகளை உங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட என் லப்டொப்பைக் கொண்டு வருகிறேன். அந்தப் பாதை செய்த பிள்ளையின் கோப்பை அதில் திறந்து பார்ப்போம், 1.4 கோப்பையும் 3.0 திறக்க வேண்டும். திறக்காவிட்டால் சம்மாந்துறை நானாவின் பெயரைச் சொல்லி கிட்ஹப்பில் முதல் முறைப்பாட்டை நான்தான் போடுவேன்.


சம்மாந்துறை_நிரலாளன்

போடுங்கள் அண்ணன். ஆனால் கோப்பையும் இணையுங்கள், எந்தப் பிரவுசர், எந்தப் பதிப்பு, எதை அமத்தும்போது பிழைத்தது என்று எழுதுங்கள். வெறுமனே "வேலை செய்யவில்லை" என்று எழுதினால் ஒருவராலும் திருத்த முடியாது.